ஒரு கிராமுக்குள் ஒரு கிரவுண்டு

ரியல் எஸ்டேட் பதிவு என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். இதுவும் நிலத்தைப் பற்றியதுதான். ஆனால் பட்டா போட முடியாத நிலம்.

சென்னைப் பக்கம் ஒரு கிரவுண்டு என்றால் 2400 சதுர அடி. மீட்டர் கணக்கில் சுமார் 223 சதுர மீட்டர். புறநகரில் அந்த அளவு மனை வாங்கிவிட்டு ஆயுளில் பாதியை இஎம்ஐ கட்டியே கழிக்கும் குடும்பங்கள் உண்டு. கிட்டத்தட்ட அதே பரப்பு, ஒரே ஒரு கிராம் பச்சைத் தூளுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. டீஸ்பூனில் எடுத்தால் கால்வாசிதான் வரும்.

தூளின் பெயர் குரோமியம் ஆக்சைடு. வண்ணக் கடைகளில் பச்சை நிறத்துக்காக விற்கப்படுவதும் இதுவேதான், வாய்ப்பாட்டில் ஓர் எழுத்துகூட மாறாது. ஆனால் அதை வாங்கி வந்து ரசாயன ஆலையில் கொட்டினால் ஒரு வேலையும் நடக்காது. வித்தியாசம் பரப்பில் இருக்கிறது. ஒரு கிராம் குரோமியம் ஆக்சைடை ஓட்டை எதுவும் இல்லாத ஒரு கனசதுரமாகச் செதுக்கினால், அதன் ஆறு பக்கங்களையும் சேர்த்து 2 சதுர சென்டிமீட்டர் தேறும். நல்ல வினையூக்கித் தூளில் அதே ஒரு கிராம் 200 சதுர மீட்டரைத் தொடும். பத்து லட்சம் மடங்கு. அதே சரக்கு, அதே எடை. கூடியிருப்பதெல்லாம் உள்ளே இருக்கும் ஓட்டை மட்டும்தான்!

(எடை போட்டு விற்கும் பொருளில், இல்லாத இடத்துக்குத்தான் விலை என்பது வணிகவியல் பாடப் புத்தகத்தில் எந்த அத்தியாயத்தில் வரும் என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.)

இவ்வளவு சின்னப் பொருளுக்குள் இவ்வளவு பரப்பு இருக்கிறது என்று எப்படி அளந்தார்கள்? டேப் வைத்து முடியாது. 1938-இல் புருனாயர், எம்மெட், டெல்லர் என்ற மூன்று பேர் ஒரு வழி சொன்னார்கள். தூளை மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர வைத்து, அதன் மேல் நைட்ரஜன் வாயுவை விடுவது. நைட்ரஜன் மூலக்கூறுகள் ஓட்டை, சந்து, பொந்து எல்லாவற்றிலும் போய் ஒட்டும். முழுப் பரப்பையும் ஒரே ஒரு அடுக்காக மூட எத்தனை மூலக்கூறு தேவைப்பட்டது என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் அடைக்கும் என்பதால் பெருக்கினால் பரப்பு கிடைத்துவிடும். மண்டபத்தில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று எண்ணி மண்டபத்தின் அளவைச் சொல்வது மாதிரி. மூவரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து பி.இ.டி. முறை என்று பெயர். இன்றும் எல்லா ஆய்வகத்திலும் இதுதான். அந்த மூன்றாமவர் டெல்லர்தான் பிற்பாடு ஹைட்ரஜன் குண்டுக்குத் தந்தை என்று பெயர் எடுத்தவர்.

சரி, இந்தப் பச்சைத் தூள் எதற்கு? அதற்குக் கொஞ்சம் ஃபிளாஷ்பேக் தேவை.

1930-க்கு முன்னால் ஃபிரிட்ஜ்களில் ஓடியது அம்மோனியா, சல்ஃபர் டையாக்சைடு, மீதைல் குளோரைடு மாதிரியான சமாச்சாரங்கள். கசிந்தால் ஆள் காலி. அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவரும் அவருடன் ஆல்பர்ட் ஹென்ன, ராபர்ட் மெக்னாரி என்ற இரண்டு பேரும் குளோரினும் ஃபுளோரினும் சேர்ந்த ஒரு வாயுவைக் கொண்டுவந்தார்கள். 1930-இல் வேதியியலாளர்கள் கூடிய ஒரு மாநாட்டு மேடையில் மிட்ஜ்லி அந்த வாயுவைத் தானே மூச்சில் இழுத்து, ஊதி, மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீயும் பிடிக்காது. கைதட்டல். சிஎஃப்சி பிறந்தது இப்படித்தான்.

அந்த வாயுவை ஓசோன் படலத்தோடு முடிச்சுப் போட்டவர்கள் மொலினாவும் ரோலண்டும், 1974-இல். பூமியில் எதோடும் சேராத அந்த மூலக்கூறு மேலே போய், சூரியனின் புற ஊதாக் கதிரில் உடைந்து, குளோரினை விடுவித்து ஓசோனை அழிக்கும் என்றார்கள். அதற்கு ஒரு மாற்று கைவசம் இல்லாமல் இல்லை. குளோரினே இல்லாத ஹெச்எஃப்சி-134ஏ என்ற மூலக்கூறை அதே ஹென்ன 1936-லேயே தயாரித்துக் காட்டியிருந்தார். எழுபதுகளில் டூபாண்ட் நிறுவனம் மாற்று வாயுக்களைத் தேடிவிட்டு, 1980-ஐ ஒட்டித் தேடலை நிறுத்திக்கொண்டது. காரணம் வேதியியல் இல்லை. மலிவான சிஎஃப்சி விற்றுக்கொண்டிருக்கும்போது பல மடங்கு விலையுள்ள சரக்கை யார் வாங்குவார்கள்? சட்டம் வற்புறுத்தாதவரை சந்தை இல்லை. கம்பெனியைத் திட்டுவது சுலபம்தான், ஆனால் இதில் அவர்களின் கணக்கு தப்பு என்றும் சொல்ல முடியாது. தப்பு என்னவென்றால், அந்தக் கணக்கில் வானம் ஒரு செலவுத் தலைப்பாகவே எழுதப்படவில்லை.

1985-இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ்காரர்கள் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் பெரிதும் குறைந்துபோயிருப்பதை வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பள்ளிக்கூடத்தில் கதை இங்கே முடிந்துவிடும். வாழ்க ஐ.நா., வாழ்க மனிதகுலம், பத்து மதிப்பெண் கட்டுரை.

ஆனால் கையெழுத்துப் போட்டவர்களில் யாருக்கும் 134ஏ வாயுவை டன் கணக்கில் செய்யத் தெரியாது. செய்யத் தெரிந்தால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு.

இங்கேதான் சிக்கல். பழைய சிஎஃப்சிக்களைத் தயாரிப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஆன்டிமனி சேர்ந்த திரவ வினையூக்கியில் கார்பன் டெட்ராகுளோரைடையும் ஹைட்ரஜன் ஃபுளோரைடையும் விட்டால் போதும், குளோரின் கழன்று ஃபுளோரின் உட்காரும். பெல்ஜியத்தின் ஸ்வார்ட்ஸ் 1890-களிலேயே போட்டுவைத்த பாதை அது. 134ஏ விஷயத்தில் கச்சாப்பொருள் டிரைகுளோரோ எத்திலீன். அதில் முதல் மூன்று ஃபுளோரினும் சண்டை போடாமல் ஏறிவிடும். கடைசியாக மிஞ்சும் ஒற்றைக் குளோரின்தான் வில்லன். பக்கத்துக் கார்பனில் மூன்று ஃபுளோரின் உட்கார்ந்து எலக்ட்ரான்களை இழுத்துப் பிடித்திருப்பதால் அது லேசில் நகராது. போதாக்குறைக்கு, வினை நடந்த வேகத்தில் திரும்பியும் நடக்கும். 350 டிகிரியை ஒட்டிய சூட்டில், வாயு நிலையில், தேவைக்கு மேல் பல மடங்கு ஹைட்ரஜன் ஃபுளோரைடை விட்டாலும் ஒரு சுற்றில் ஒரு பங்குதான் மாறும். மீதியைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து. அந்த சூட்டில், அந்த அமிலத்தில், அசையாமல் நின்று வேலை செய்யும் திடமான வினையூக்கி ஒன்று வேண்டும்.

ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ன மாதிரி ஆள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடியைத் தின்னும். தோலில் பட்டால் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலி சில சமயம் தாமதமாகத்தான் தெரியும், அதற்குள் எலும்பு வரை போயிருக்கும். இதைக் கையாளும் இடங்களில் கால்சியம் குளுகோனேட் களிம்பை எட்டும் தூரத்தில் வைத்திருப்பது அதனால்தான். 2012-இல் தென்கொரியாவின் குமி நகரில் இந்த வாயு கசிந்து 5 பேர் இறந்தார்கள்.

வினையூக்கி உலகத்தில் பரப்பு வேண்டும் என்றால் வழக்கமாக எல்லோரும் தேடிப்போவது இரண்டு பொருள்களை. ஒன்று சிலிகா, மற்றொன்று அலுமினா. சிலிகா கண்ணாடியின் உறவுக்காரன், ஹைட்ரஜன் ஃபுளோரைடைப் பார்த்ததும் வாயுவாகி ஓடியே போய்விடும். அலுமினா ஓடாது. ஆனால் அலுமினியம் ஃபுளோரைடாக மாறி, மாறும்போதே கெட்டிப்பட்டு, 200 சதுர மீட்டராக இருந்தது சில பத்துகளுக்கு இறங்கிவிடும். கிரவுண்டு கணக்கில் வாங்கியது பாத்ரூம் அளவுக்குச் சுருங்கிப்போனால் எப்படி இருக்கும்? குரோமியம் ஆக்சைடின் தனித்தன்மை என்னவென்றால், அதன் தோல் மட்டும் ஃபுளோரினை ஏற்கும், உள்ளுடம்பு பெரும்பாலும் ஆக்சைடாகவே நிற்கும். அதனால் ஓட்டைகள் முழுசாக இடிந்து விழுவதில்லை. அரிக்கும் அமிலத்தைக் கொஞ்சம் உள்ளே விட்டு, மீதியை வாசலிலேயே நிறுத்தி வைக்கும் சாமர்த்தியம்.

அந்தத் தூளைச் செய்வது கேட்பதற்குச் சமையல் குறிப்பு மாதிரிதான் இருக்கும். கரு ஊதா நிறத்தில் இருக்கும் குரோமியம் நைட்ரேட் படிகங்களைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். அம்மோனியாவை மெல்ல மெல்ல ஊற்றினால் சாம்பல் கலந்த பச்சையில் கொழகொழவென்று ஒரு குழம்பு இறங்கும். வடிகட்டி, கழுவி, காய வைத்து, சுட்டால் தூள் ரெடி. நான்கே வரி.

ஒவ்வொரு வரியிலும் ஒரு பள்ளம். அம்மோனியாவை அவசரமாகக் கொட்டினால் ஓரிடத்தில் கட்டி, ஓரிடத்தில் தண்ணீர். கழுவுவதில் சோம்பல் பட்டால் அம்மோனியம் நைட்ரேட் உள்ளேயே தங்கி, சுடும்போது தன் வேலையைக் காட்டும். காய வைப்பதுதான் எல்லாவற்றையும் விட நுட்பம். குளித்துவிட்டு வந்தால் ஈர முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்கிறதே, அதே இழுவிசைதான் நுண்துளைகளுக்குள் இருக்கும் தண்ணீருக்கும் உண்டு. தண்ணீர் வெளியேறும்போது இரண்டு பக்கச் சுவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். துளை எவ்வளவு சின்னதோ இழுப்பு அவ்வளவு பலம். தாக்குப்பிடிக்காத சுவர் இடிந்துவிடும், பரப்பு போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் இடிந்த தூளும் இடியாத தூளும் ஒரே பச்சைதான்.

அடுத்து அடுப்பு. காற்றில் சுடக்கூடாது, ஆக்சிஜன் பட்டால் குரோமியம் ஆறாம் நிலைக்கு ஏறும், அது புற்றுநோய் தரும் வகை. அதனால் நைட்ரஜன் ஓட்டத்தில், 300 டிகிரிக்கு மேல் பார்த்துப் பார்த்துச் சுட வேண்டும். சூடு பத்தாவிட்டால் தண்ணீர் மிஞ்சி நிற்கும். சூடு கூடினால் நடப்பது கொடுமை. இந்தத் தூளின் அணுக்கள் வரிசையில் நிற்காமல் கலைந்து கிடப்பவை. அந்தக் கலைந்த நிலையில்தான் பரப்பு, வேலை எல்லாம். 400 டிகிரியை ஒட்டி ஒரு கட்டத்தில் அத்தனை அணுக்களும் ஒரே மூச்சில் படிக வரிசைக்கு வந்து நிற்கும். அதுவரை அடக்கி வைத்திருந்த ஆற்றல் முழுக்க வெப்பமாக வெளியே வரும். தூள் தானாகவே செக்கச்செவேலென்று ஒளிரும். ஆராய்ச்சிக்காரர்கள் இதற்கு வைத்த பெயரே 'ஒளிர்வு நிகழ்ச்சி'. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒளிர்ந்து அணைந்த பிறகு மிஞ்சுவது வண்ணக் கடைச் சரக்கு. கழுவிய தண்ணீர், காய வைத்த ராத்திரி, எல்லாம் அந்தச் சில நொடியில் போச்சு.

தப்பித்த தூளில் கொஞ்சம் கிராஃபைட் கலந்து வில்லைகளாக அழுத்துவார்கள். தூளாகவே போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். இறுக்கி அழுத்தினால் துளை மூடும், லேசாக அழுத்தினால் வில்லை நொறுங்கும். பிறகு உலைக்குள் அடுக்கி, நைட்ரஜனில் கொஞ்சமாகக் கலந்த ஹைட்ரஜன் ஃபுளோரைடைக் காட்டிப் பழக்க வேண்டும். இந்தப் பழக்கும் படலத்தில் ஆக்சிஜன் வெளியேறித் தண்ணீராகும், வெப்பமும் கிளம்பும். அவசரப்பட்டால் சூட்டுப்புள்ளி ஒன்று படுக்கை முழுக்க ஓடி, முதலில் சொன்ன அதே பரிதாபம். புதுச் செருப்பைப் போட்டுப் பழகுவது மாதிரி, முதல் நாளே மாரத்தான் ஓடக்கூடாது. பழக்கி முடித்ததும் பரப்பில் ஒரு பகுதி குறைந்திருக்கும். மீதியிருப்பதுதான் உண்மையான முதலீடு.

1990-இல் இங்கிலாந்தின் ரன்கார்னில் ஐசிஐ நிறுவனம் 134ஏ-ஐ வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்றே வருடம். அதே 1990-இல்தான் லண்டனில் கூடிய நாடுகள், பாதியாகக் குறைப்பது என்றிருந்த மாண்ட்ரியல் விதியை முழுத் தடையாக இறுக்கின. இரண்டும் ஒரே வருடத்தில் வந்தது வெறும் தற்செயல் என்று நம்புவது கஷ்டம். மாற்றுச் சரக்கு கண்ணில் தெரிந்த பிறகு கடுமையாகச் சட்டம் போடுவது எல்லோருக்கும் சுலபம். 1995-இல் மொலினா, ரோலண்ட், குருட்சன் மூவருக்கும் நோபல் கிடைத்தது, நியாயம்தான். வில்லை அழுத்தியவர்களின் பெயர் காப்புரிமை ஆவணங்களில் மட்டும் இருக்கிறது.

அந்த ஆவணங்களும் தனி ரகம். ஐசிஐ-யின் காப்புரிமை ஒன்று குரோமியம் ஆக்சைடில் சிறிதளவு துத்தநாகம் சேர்த்தால் வேலை கூடுகிறது என்று உலகத்துக்கே சொல்கிறது. ஆனால் பொதுவாக இம்மாதிரி ஆவணங்களில் அளவு, சூடு, நேரம் எல்லாமே இதிலிருந்து இதுவரை என்று அகல வாசலாகத்தான் எழுதப்பட்டிருக்கும். எந்த எண்ணில் நின்றால் லாபம் என்பது ஆலைக்குள் இருக்கும் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். பாட்டி சொல்லும் 'கொஞ்சம் உப்பு' மாதிரி.

வில்லைகளுக்கும் ஆயுள் உண்டு. ஓட ஓட அவற்றின் மேல் கரி படியும், துளைகள் அடைபடும். காற்று விட்டுக் கரியை எரித்து மறுபடி உயிர் கொடுக்கலாம். ஆனால் எரிக்க விடும் அதே ஆக்சிஜன் கொஞ்சம் குரோமியத்தை ஆறாம் நிலைக்குத் தள்ளும். ஒவ்வொரு மறுபிறப்பிலும் கொஞ்சம் பரப்பு குறையும். பேலன்ஸ் ஷீட்டில் தேய்மானம் என்று எழுதுவது ஒரு கற்பனைக் கணக்கு என்று நினைப்பவர்கள் இந்த உலையைப் பார்க்க வேண்டும், சதுர மீட்டர் சதுர மீட்டராகத் தேய்வதை பி.இ.டி. கருவியில் அளந்தே காட்டுவார்கள்.

இந்தியாவில் சிஎஃப்சி தயாரித்த ஆலைகள் நான்கு. அவற்றில் ஒன்று மேட்டூரில் இருந்த கெம்பிளாஸ்ட் சன்மார். 2008 ஆகஸ்ட் 1-இல் நாடு சிஎஃப்சி உற்பத்தியை நிறுத்தியது, கெடுவுக்குப் பதினேழு மாதம் முன்னதாகவே. இன்ஹேலர் மருந்துக்கு மட்டும் விலக்கு இருந்தது. அந்த விலக்கு அனாவசியமில்லை. ஆஸ்துமாக்காரருக்கு மருந்தைத் தொண்டைக்குள் தள்ளியதே சிஎஃப்சிதான். அமெரிக்காவில் 1996-இல் அனுமதி பெற்ற முதல் சிஎஃப்சி இல்லாத இன்ஹேலரில் மருந்தைத் தள்ளியது 134ஏ. ஃபிரிட்ஜ் வேலை செய்யாவிட்டால் பால் திரியும், அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டும் குழந்தைக்கு பஃப் வரவில்லை என்றால் கதை வேறு. அந்தப் பச்சை வில்லையின் மேல் உருண்டு வந்த வாயுதான், நுணுக்கமாகச் சுத்திகரித்த பிறகு, அந்தக் குழந்தையின் மூச்சில் போகிறது.

இத்தோடு சுபம் போட்டிருக்கலாம். ஆனால் 134ஏ ஓசோனுக்கு நல்லவன், பூமிச் சூட்டுக்கு இல்லை. ஐபிசிசி 2007-இல் சொன்ன கணக்கின்படி நூறு வருட அளவில் ஒரு கிலோ 134ஏ, 1430 கிலோ கார்பன் டையாக்சைடுக்குச் சமம். 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் கூடி, இதையும் படிப்படியாகக் குறைப்பது என்று முடிவானது. இந்தியா 2021-இல் ஏற்றது, 2028-இலிருந்து கட்டுப்பாடு. கார் ஏசிக்கு மாற்றாக வந்திருப்பது 1234ஒய்எஃப் என்ற வாயு. அது காற்றில் சீக்கிரம் சிதைந்துவிடும், சிதைந்து டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலமாகி மழையில் இறங்கும், அது தனிப் பஞ்சாயத்து. வேடிக்கை என்னவென்றால் 1234ஒய்எஃப் தயாரிக்கும் வழிகளிலும் ஒரு படியில் நிற்பது அதே குரோமியம் வில்லைதான். வாயுக்கள் வந்து போகின்றன, பச்சைத் தூள் வேலையில் நீடிக்கிறது :-)

குரோமியத்தையே விட்டுவிட முடியாதா என்று கேட்டவர்களில் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் எர்ஹார்ட் கெம்னிட்ஸ் முக்கியமானவர். 2003-இல் அவருடைய குழு கேள்வியையே தலைகீழாகப் போட்டது. முதலில் ஆக்சைடு செய்து, பிறகு அதை அமிலத்தில் வாட்டி, இடிந்தது போக மிஞ்சியதை எண்ணுவானேன்? ஆல்கஹாலில் கரைந்த அலுமினியம் சேர்மத்தில், ஈரம் துளியும் இல்லாத ஹைட்ரஜன் ஃபுளோரைடைக் கலந்தார்கள். ஆக்சைடு கட்டத்துக்கே போகாமல் ஜெல்லியாகவே ஃபுளோரைடு வந்தது. அதை வெற்றிடத்தில் காய வைத்து, மிதமான சூட்டில் ஒரு ஃபுளோரின் வாயுவால் மிச்சத்தையும் துடைத்து எடுத்தால், கிராமுக்கு 200 சதுர மீட்டர் பரப்பில் அலுமினியம் ஃபுளோரைடு. சுருங்கிப் பாத்ரூம் ஆன அதே பொருள், இந்த முறை முழு கிரவுண்டாக. ஆறாம் நிலைக் குரோமியம் என்ற பயமும் இல்லை. அதன் அமிலத் தன்மை, திடப் பொருள்களில் அதுவரை பார்த்தவற்றில் மிகப் பலமான வரிசையில் சேர்ந்தது.

ஒரே ஒரு குறை. அந்தத் தூளுக்கு ஈரம் ஆகாது. திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்தே பலத்தை இழந்துவிடும், அதனால் வறண்ட வாயு நிரப்பிய பெட்டிக்குள் கையுறை வழியாகத்தான் தொடுகிறார்கள். பச்சை வில்லையோ சாதாரண டிரம்மில் லாரி ஏறி வந்து இறங்கும். இரண்டுக்கும் கொட்டேஷன் வந்தால் ஆலையின் பர்ச்சேஸ் மேனேஜர் எதில் கையெழுத்துப் போடுவார் என்று யோசிக்கவே வேண்டாம்.